கேவர்ன் கிளப்: இடித்துத் திரும்பக் கட்டிய நிலவறையைப் பார்க்கப் போகலாமா?

மான்செஸ்டருக்கு அலுவலக வேலையாகப் போகும்போது கிடைக்கும் ஒரு நாள் ஓய்வில் லிவர்பூலுக்குச் சென்று, 1960களில் உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழுவினர் பாடிய கேவர்ன் கிளப்பைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அசல் கட்டடம் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது, இப்போது இருப்பது சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய நகல், அதற்காக ஒரு நாளைச் செலவிடுவது வீண் என்று உங்கள் நண்பர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நண்பர் சொன்னதில் இடிக்கப்பட்ட செய்தி உண்மை. வீண் என்ற முடிவை நான் ஏற்கவில்லை. கட்டாயம் போங்கள். ஆனால் அங்கே எது பழையது, எது புதியது, எது பழையதின் மேல் எழுப்பப்பட்ட புதியது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். அது தெரியாமல் போகிறவர்கள், சுவரில் மாட்டிய கித்தார்களைப் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். தெரிந்து போகிறவர்களுக்கு அந்த நிலவறை நிறையச் சொல்கிறது. ஆகையால் இடத்தின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

லிவர்பூல் ஒரு துறைமுக நகரம். கப்பலில் வந்திறங்கும் சரக்கை வைப்பதற்காக நகரின் நடுப்பகுதியில் வரிசை வரிசையாகக் கிடங்குகள் எழுந்தன. மேத்யூ ஸ்ட்ரீட் அப்படிப்பட்ட ஒரு கிடங்குத் தெரு. இரு பக்கமும் உயர்ந்த செங்கல் கட்டடங்கள் நிற்பதால் பகலிலும் வெளிச்சம் முழுதாக விழாத குறுகிய சந்து. அங்கே 10ஆம் எண் கிடங்கின் அடியில் இருந்த நிலவறை, இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்கு அஞ்சி மக்கள் ஒதுங்கும் இடமாகப் பயன்பட்டது. பாரிஸில் நிலவறை ஒன்றில் நடந்துவந்த 'லெ கவோ தெ லா யூஷெத்' என்ற ஜாஸ் கிளப்பைப் பார்த்து மனம் பறிகொடுத்த ஆலன் சிட்னர் என்ற இளைஞர், தம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று விரும்பி, 1957 ஜனவரி 16 அன்று இந்த நிலவறையில் கேவர்ன் கிளப்பைத் திறந்தார்.

அது ஜாஸ் ரசிகர்களின் இடம். ராக் அண்ட் ரோல் அவர்களுக்கு ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்டில் பின்னாளில் பீட்டில்ஸில் பாடிய ஜான் லெனனின் பள்ளிக்காலக் குழுவான குவாரிமென் அங்கே வாசித்தபோது, ஸ்கிஃபிள் என்ற எளிய நாட்டுப்புறப் பாணிப் பாட்டுப் பாட வந்தவர்கள் நடுவில் ராக் அண்ட் ரோலுக்குத் தாவியதால், அதை உடனே நிறுத்தும்படி மேடைக்குச் சீட்டு வந்தது என்ற கதை லிவர்பூலில் இன்றும் சொல்லப்படுகிறது. 1959இல் சிட்னரிடமிருந்து கிளப்பை வாங்கிய ரே மெக்ஃபால் முதலில் ஜாஸையே தொடர்ந்தார். ஆனால் ஊர் இளைஞர்களின் ரசனை மாறிக்கொண்டிருப்பதைக் கண்டு, கித்தார் குழுக்களுக்கு மெல்ல மெல்ல இடம் கொடுத்தார். அவர் செய்த இன்னொரு காரியம்தான் வரலாற்றை மாற்றியது என்பேன்: மதிய உணவு வேளையில் இசை நிகழ்ச்சி.

சுற்றியிருந்த அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து, சில்லறைக் காசு கொடுத்து உள்ளே இறங்கி, கையில் சூப்போ சாண்ட்விச்சோ வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, திரும்பவும் வேலைக்கு ஓடுவார்கள். மது விற்கும் உரிமம் கிளப்புக்குக் கிடையாது, காபியும் குளிர்பானமும்தான். எனவே அங்கே வந்தவர்கள் குடிக்க வந்தவர்கள் அல்லர், பாட்டைக் கேட்க வந்தவர்கள். ஒரே முகங்கள் வாரத்தில் பல நாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால், நேற்றுப் பாடியதையே இன்றும் பாடி ஒப்பேற்ற முடியாது. புதிய பாட்டுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும், கேட்பவரோடு பேச வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக வேண்டும். பீட்டில்ஸ் என்ற பெயரில் அவர்கள் இந்த நிலவறையில் முதன்முதலாகப் பாடியது 1961 பிப்ரவரி 9 அன்று நடந்த ஒரு மதிய நிகழ்ச்சியில்தான். கடைசியாகப் பாடியது 1963 ஆகஸ்ட் 3. இந்த இரண்டரை ஆண்டில் அவர்கள் அங்கே மேடையேறியது 292 முறை என்பது கிளப் சொல்லும் கணக்கு. ஓர் இசைக்குழு ஒரே அறையில் இத்தனை முறை வாசிப்பது அந்தக் காலத்திலும் அரிது, இன்று நினைத்துப் பார்க்கவே முடியாதது.

அந்த அறை எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து சின்ன வாசல் வழியாகப் 18 கற்படிகள் இறங்கினால், அடுத்தடுத்து மூன்று நீண்ட குறுகிய சுரங்கங்கள்; மேலே அரைவட்டமாக வளைந்த செங்கல் கூரை; சுரங்கங்களுக்கு இடையிலான சுவர்களில் ஆங்காங்கே வளைவு வழிகள். நடுச் சுரங்கத்தின் கோடியில் சிறிய மேடை, அதன் எதிரே மர நாற்காலி வரிசைகள். பக்கச் சுரங்கங்களில் நின்றுகொண்டோ, இருக்கிற இடத்துக்குள் ஆடிக்கொண்டோ கேட்பார்கள். ஒழுங்கான காற்றோட்டம் கிடையாது. நூற்றுக்கணக்கானோர் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது எழும் வியர்வையும் மூச்சும் குளிர்ந்த செங்கல்லில் பட்டு நீராகி, சுவரில் வழியும், கூரையிலிருந்து சொட்டும். அந்த ஈரம் மின்கருவிகளில் இறங்கி ஒலிபெருக்கிகள் திடீரென்று அணைந்துபோவதுண்டு. அப்போது பீட்டில்ஸ் குழுவினர் பேசாமல் நிற்க மாட்டார்கள். மின்சாரம் வரும்வரை கேலி பேசியும், எல்லோருக்கும் தெரிந்த பாட்டை எடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பாடவைத்தும் நேரத்தை நிரப்புவார்கள். பின்னாளில் பத்திரிகையாளர் கூட்டங்களில் உலகமே கண்டு மகிழ்ந்த அவர்களுடைய சுறுசுறுப்பான பதில் பேச்சுக்கு இங்கேயும் நல்ல பயிற்சி கிடைத்தது என்று நான் கருதுகிறேன். அங்கே போய் வந்தவர்கள் எல்லோரும் நினைவுகூர்வது நாற்றத்தை: வியர்வை, சிகரெட் புகை, கழிப்பறையில் ஊற்றிய கிருமிநாசினி, அக்கம்பக்கத்துப் பழக் கிடங்குகளிலிருந்து வரும் அழுகல் வாடை. வேலைக்குத் திரும்பும் பெண்களின் உடையில் அது ஒட்டிக்கொண்டே போகுமாம். மதியம் அவர்கள் எங்கே போனார்கள் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

ஒலியும் முக்கியம். தாழ்ந்த செங்கல் வளைவுக்குள் ஒரு மத்தளம் அடித்தாலே நெஞ்சில் விழும்; மின்கித்தாரும் டிரம்ஸும் சேர்ந்து முழங்கினால் ஒலி வெளியேற வழியின்றிக் கேட்பவர் உடம்பிலேயே இறங்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரவிரவாக வாசித்துப் பழகி, உரத்த, முரட்டுத்தனமான தாளத்தோடு ஊர் திரும்பிய ஒரு குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான அறை வாய்த்திருக்காது.

1961 நவம்பர் 9 அன்று மதியம் இந்தப் படிகளில் ஒரு புதியவர் இறங்கினார். கோட்டும் டையும் அணிந்திருந்த அவர் பெயர் பிரையன் எப்ஸ்டீன். அருகிலிருந்த வைட்சாப்பல் தெருவில் 'நெம்ஸ்' என்ற தம் குடும்பத்து இசைத்தட்டுக் கடையை நடத்திக்கொண்டிருந்தவர். கடையிலிருந்து கிளப்புக்கு நடந்து வரச் சில நிமிடங்களே ஆகும். மேடையில் புகைபிடித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டும் பாடிய தோல்சட்டை இளைஞர்களைப் பார்த்தவர், அடுத்த சில வாரங்களிலேயே அவர்களுடைய மேலாளராக முன்வந்தார். தோல்சட்டை போய்க் கோட்டு வந்ததும், இசைத்தட்டு நிறுவனங்களின் கதவுகள் தட்டப்பட்டதும் அதன் பின்தான். நீங்கள் போகும்போது அந்தக் கடை இருந்த இடத்திலிருந்து கிளப் வாசல் வரைக்கும் ஒரு முறை நடந்து பாருங்கள். 2022இல் எப்ஸ்டீனுக்குச் சிலை வைத்திருப்பதும் அந்தக் கடை இருந்த இடத்தின் அருகிலேயேதான். பெரிய வரலாற்றுத் திருப்பங்கள் எவ்வளவு குறுகிய தூரத்துக்குள் நடந்திருக்கின்றன என்பது காலால் நடந்தால்தான் உறைக்கிறது.

அசல் அறையை இன்று கண்ணால் காண நல்ல வழி, 1962 ஆகஸ்ட் 22 அன்று கிரனாடா தொலைக்காட்சி அங்கே எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். புறப்படுவதற்கு முன் கட்டாயம் பாருங்கள். பாடகர்களின் தலைக்கும் வளைவுக்கும் இடையே எவ்வளவு குறைந்த இடைவெளி, மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் என்பதைக் கவனியுங்கள். டிரம்ஸ் வாசிப்பவர் ரிங்கோ ஸ்டார். அதற்குச் சில நாள் முன்புதான், அதுவரை டிரம்ஸ் வாசித்துவந்த பீட் பெஸ்ட் குழுவிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அந்த ஊர் ரசிகர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து யாரோ பீட் வேண்டும் என்று கத்துவதும் அந்த ஒலிப்பதிவில் அப்படியே கேட்கிறது.

1963 ஆகஸ்டுக்குப் பிறகு பீட்டில்ஸ் அங்கே திரும்பவில்லை. அவர்களைக் காணத் திரண்ட கூட்டத்துக்கு அந்த நிலவறை போதவில்லை. மற்றக் குழுக்களை வைத்துக் கிளப் தொடர்ந்து நடந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ போன்றவர்களும், 1970இல் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த குவீன் குழுவும் அங்கே வாசித்தார்கள். இருந்தும் கடன் நெருக்கியது. 1966 பிப்ரவரியில் கிளப் திவாலாகி மூடப்பட்டபோது ரசிகர்கள் உள்ளே புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு வெளியேற மறுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பத் திறந்துவைத்தவர் நாட்டின் பிரதமர் ஹரல்டு வில்சன். லிவர்பூலை ஒட்டிய ஹைட்டன் தொகுதியின் உறுப்பினர் அவர். ஒரு பிரதமர் வந்து திறந்துவைத்த இடம் என்ற பெருமையும் அடுத்த ஏழாண்டில் நேர்ந்ததைத் தடுக்கவில்லை.

நகரின் அடியில் புதிதாக அமையவிருந்த சுரங்க ரயில் பாதைக்குக் காற்றுப் போக்கி ஒன்று தேவை என்று பிரிட்டிஷ் ரயில்வே அந்த இடத்தைக் கேட்டது. 1973 மே மாத இறுதியில் கிளப் மூடப்பட்டது. மேலே இருந்த கிடங்கு இடிக்கப்பட்டு, அதன் இடிபாடுகள் நிலவறைக்குள்ளேயே தள்ளப்பட்டு மூடப்பட்டன. ரயில் பாதை 1977இல் ஓடத் தொடங்கியது. ஆனால் எந்தக் காற்றுப் போக்கிக்காக இத்தனையும் செய்தார்களோ அது அங்கே கட்டப்படவேயில்லை. பல ஆண்டுகள் அந்த மண்மேடு வண்டி நிறுத்துமிடமாகக் கிடந்தது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. யாரும் வேண்டுமென்றே கெடுதல் செய்யவில்லை. அந்த நிலவறைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது அன்றைக்கு அதிகாரத்தில் இருந்தவர்களில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். குழு பிரிந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. பழைய பாப் பாட்டுக்குப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியை எவரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

1980 டிசம்பர் 8 அன்று லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, லிவர்பூல் மக்கள் மலர்களோடு கூடிய இடங்களில் மேத்யூ ஸ்ட்ரீட்டும் ஒன்று. அப்போது அங்கே கும்பிட ஒரு வாசல்கூட இல்லை. நகரம் தான் இழந்ததை உணரத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். 1982இல் கட்டடக் கலைஞர் டேவிட் பாக்ஹவுஸின் திட்டப்படி அந்த இடம் தோண்டப்பட்டது. பழைய வளைவுகளை அப்படியே மீட்டு மேலே புதிய கட்டடம் எழுப்பிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் இடிப்பின்போது வளைவுகள் மிகவும் சேதமாகியிருந்ததால் அவை பாரம் தாங்காது என்று தெரிந்தது. எனவே பழைய செங்கற்களில் ஆயிரக்கணக்கானவற்றை எடுத்து, ஒரு பகுதியை நற்பணிக்காக ரசிகர்களுக்கு விற்றார்கள். மற்றொரு பகுதியைக் கொண்டு, பழைய வரைபடத்தை ஒட்டி நிலவறையைப் புதிதாகக் கட்டினார்கள். 'கேவர்ன் வாக்ஸ்' என்ற வணிக வளாகத்தின் அடியில் அது 1984 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வளாகத்தின் முகப்பில் உள்ள சுடுமண் அலங்காரங்களை வரைந்துகொடுத்தவர் லெனனின் முதல் மனைவி சிந்தியா. பலர் அண்ணாந்து பார்ப்பதில்லை, நீங்கள் பாருங்கள்.

இப்போது உங்கள் நண்பரின் 'நகல்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இன்றைய நிலவறை பழைய நிலவறை இருந்த மண்ணிலேயே, பெரும்பகுதி அதே நிலப்பரப்பில் அமைந்திருக்கிறது. பழைய செங்கல்லும் அதில் உண்டு. ஆனால் வாசல் மாறிவிட்டது. தெருவில் சில அடி தள்ளியிருக்கும் புதிய வாசல் வழியாக, பழைய 18 படிகளைவிடக் கூடுதலாக, திரும்பித் திரும்பிக் கீழே இறங்க வேண்டும். அறையின் ஆழமும் மேடையின் இருப்பும் முன்பு இருந்த அதே புள்ளியில் இல்லை. நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி நடக்கும்போது மண்டபத்தையே பிரித்துக் கட்டினாலும் அது வேறு கோயில் ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அங்கே பாலாலயம் அமைத்து வழிபாட்டை விடாமல் நடத்துகிறோம். கேவர்னில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிட்டது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் அதே பெயரில் சில காலம் ஒரு கிளப் நடந்து, அந்த இடமே பிறகு 1976இல் 'எரிக்ஸ்' என்ற வேறொரு புகழ்பெற்ற கிளப்பாக மாறியது. மண்ணுக்கடியில் இருந்த அறையிலோ பதினோரு ஆண்டுகள் ஒரு பாட்டும் ஒலிக்கவில்லை. ஆகவே 'அசல்' என்று சொல்வதும் மிகை, 'நகல்' என்று தள்ளுவதும் தவறு. அதே இடத்தில், அதே பொருளின் ஒரு பகுதியைக் கொண்டு, அதே தொழிலுக்காக மறுபடியும் கட்டப்பட்ட அறை என்பதே சரியான விவரிப்பு.

அந்தத் 'தொழில்' என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அங்கே கயிறு கட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை வைத்து, அமைதியாகச் சுற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தால் எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம் இருந்திருக்காது. இன்றும் அது நாள்தோறும் முற்பகல் தொடங்கி நள்ளிரவு வரை நேரடி இசை நடக்கும் கிளப். வளைந்த கூரைக்குக் கீழ் நடுச் சுரங்கத்தின் கோடியில் சிறு மேடை. பின்சுவரில் வண்ண வண்ணமாகக் குழுக்களின் பெயர்கள். பெரும்பாலும் ஒற்றைக் கித்தாரோடு ஒருவரோ, இருவர் மூவரோ பாடிக்கொண்டிருப்பார்கள். பீட்டில்ஸ் பாட்டுதான் அதிகம் ஒலிக்கும்; வேறு பாட்டுகளும் உண்டு. இதன் பின்னால் பெரிய மேடையுடன் இன்னொரு கூடமும் இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1999 டிசம்பர் 14 அன்றும் 2018 ஜூலை 26 அன்றும் வந்து பாடியது அந்தப் பின்கூடத்தில்தான். 1960களில் அந்தக் கூடம் கிடையாது. எனவே பழைய அறையின் வடிவத்தை உணர விரும்பினால் முன்பகுதியிலேயே நேரத்தைச் செலவிடுங்கள்.

எப்போது போவது என்பது மிகவும் முக்கியம். பெரும்பாலோர் வார இறுதி இரவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டமும் கொண்டாட்டமும் வேண்டும் என்றால் அது சரி. ஆனால் தலைகளுக்கு மேல் ஒன்றும் தெரியாது, கட்டணமும் கூடும், சில நிகழ்ச்சிகளுக்குத் தனியே சீட்டு வாங்க வேண்டும். நான் சொல்வது, வேலைநாள் மதியம் பன்னிரண்டு மணியை ஒட்டிப் போங்கள். பீட்டில்ஸ் அங்கே பழகித் தேறியது அந்த நேரத்தில்தான். மேடைக்கு நேர் எதிரே உள்ள இருக்கையில் ஒரு பாட்டு கேட்டுவிட்டு, எழுந்து பக்கச் சுரங்கத்துக்குச் சென்று, வளைவு வழியின் விளிம்பில் நின்றுகொண்டு அடுத்த பாட்டைக் கேளுங்கள். பாடுபவர் பாதிதான் தெரிவார். ஒலி மட்டும் செங்கல்லில் மோதித் திரும்பி, சற்று முரட்டுத்தனமாக வந்து சேரும். இந்த நிலவறையில் அன்று கேட்டவர்களில் பலர் அப்படி அரைகுறையாகப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறார்கள். பிறகு கையை நீட்டி, எதிர்ச் சுவர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். உலகமெங்கும் விளையாட்டரங்குகளை நிரப்பிய ஒரு குழு, இத்தனை குறுகிய இடத்தில் நின்று, முன்வரிசையில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பாடித் தேர்ந்தது என்பதை உணர்த்துவதற்கு அந்த அகலம் போதும். கட்டியவர்கள் அதைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும். ஈரமும் நாற்றமும் இன்று இல்லை. குளிரூட்டியும் மதுக்கூடமும் இருக்கின்றன. அந்த மாற்றத்தைப் பற்றிப் புலம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். மூச்சுவிட வழியில்லாத, தீப்பிடித்தால் ஓட இடமில்லாத ஓர் அறையை இன்று எவரும் பொதுமக்களுக்குத் திறந்துவிட முடியாது.

வெளியே வந்ததும் தெருவைப் பாருங்கள். பழைய வாசல் இருந்த இடத்தில் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் சில்லா பிளாக்கின் சிலை, 2017இல் நிறுவப்பட்டது. கேவர்னில் வருவோரின் கோட்டுகளை வாங்கி வைக்கும் பகுதிநேர வேலையில் இருந்து, அதே மேடையில் இடையிடையே பாடி, பின்னர் நாடறிந்த பாடகியும் தொலைக்காட்சித் தொகுப்பாளரும் ஆனவர். மேடையில் பாடியவர்களைத் தாண்டி, அந்த இடத்தில் வேலை செய்த ஒரு பெண்ணையும் நகரம் நினைவில் வைத்திருப்பது எனக்குப் பிடித்த செய்தி. எதிர்ப்புறம் உள்ள சுவரில், கேவர்னில் வாசித்த குழுக்களின் பெயர் பொறித்த செங்கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன; அதன்மேல் சாய்ந்து நிற்பது லெனனின் சிலை. படமெடுக்க அங்கே எப்போதும் ஒரு வரிசை இருக்கும். பெயர்களை நிதானமாகப் படித்தால், பீட்டில்ஸ் தனியாக முளைத்த மரம் அல்ல, நூற்றுக்கணக்கான குழுக்கள் கித்தார் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரு ஊரின் விளைச்சல் என்பது புரியும். தெருவிலேயே இருக்கும் 'தி கிரேப்ஸ்' என்ற பழைய மதுக்கடை, கேவர்னில் மது கிடைக்காததால் குழுவினர் நிகழ்ச்சி முடிந்ததும் போய் உட்கார்ந்த இடம்.

இனி உங்கள் நண்பருக்கு என் உண்மையான பதில். இடிபடாத, திருத்தப்படாத அசல் இடம் வேண்டும் என்றால், அதுவும் லிவர்பூலில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அங்கே போவதில்லை. நகர மையத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, வெஸ்ட் டெர்பி என்ற அமைதியான குடியிருப்புப் பகுதியில், ஹேமன்ஸ் கிரீன் தெருவில் ஒரு பெரிய பழைய வீடு. அதன் நிலவறையில்தான் பீட் பெஸ்டின் தாயார் மோனா பெஸ்ட், 1959 ஆகஸ்ட் 29 அன்று 'காஸ்பா காபி கிளப்' என்ற பெயரில் பிள்ளைகள் கூடிப் பாட்டுக் கேட்பதற்கான ஓர் இடத்தைத் திறந்தார். திறப்பு விழாவில் வாசித்தவர்கள் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், கென் பிரவுன் ஆகிய நால்வர் கொண்ட குவாரிமென். டிரம்ஸ் வாசிக்க ஆளே கிடையாது. திறப்பதற்கு முன் சுவருக்கும் கூரைக்கும் வண்ணம் பூசும் வேலையிலும் அந்தப் பிள்ளைகளே இறங்கினார்கள். ஓர் அறையின் கூரையில் மெக்கார்ட்னி பூசிய வானவில் பட்டைகளும், இன்னொன்றில் அவர்கள் வரைந்த நட்சத்திரங்களும், சிந்தியா தீட்டிய லெனனின் நிழலுருவமும் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1962 ஜூன் 24 அன்று பீட்டில்ஸ் வாசித்ததோடு அந்தக் கிளப் மூடப்பட்டது. குடும்பத்தார் எதையும் இடிக்காமல், மாற்றாமல் விட்டுவைத்தார்கள். 2006இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது.

காஸ்பாவின் அறைகள் நம் வீட்டுச் சமையலறை அளவுதான். தலைக்கு மேல், எட்டித் தொடும் உயரத்தில் அந்த வண்ணக் கோடுகள். தூரிகை ஓடிய தடமும், ஒழுங்காக வராமல் நெளிந்த ஓரமும் தெரிகின்றன. பதினேழு வயதுப் பையன் ஒருவன், தான் யாராகப் போகிறோம் என்று அறியாமல், ஒரு காபிக் கடையின் கூரைக்கு வண்ணம் அடித்த தடம் அது. கேவர்னில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: அவர்களுடைய கை பட்ட பரப்பு. கேவர்னில் கிடைக்கும் ஒன்று இங்கே இல்லை: அன்றாட இசை. அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன். பெஸ்ட் குடும்பத்தைச் சேர்ந்தவர் மேத்யூ ஸ்ட்ரீட்டிலேயே 2018இல் தொடங்கிய அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. நேரம் மிஞ்சினால் போகலாம், மிஞ்சாவிட்டால் குறையில்லை.

பீட்டில்ஸ் வாசித்த மூன்றாவது வகை இடமும் உண்டு: ஒன்றுமே மிஞ்சாதது. ஹாம்பர்க்கின் குரோஸ ஃபிரைஹைட் தெருவில் 1962 ஏப்ரலில் திறந்த 'ஸ்டார் கிளப்' 1969 கடைசி நாளோடு மூடப்பட்டு, 1980களில் தீப்பிடித்து, பின் இடிக்கப்பட்டது. இன்று ஒரு முற்றத்தில் பெயர் பொறித்த கறுப்புக் கல் மட்டும் நிற்கிறது. அதே தெருவில் அவர்கள் 1960இல் முதன்முதலாக வாசித்த 'இந்திரா' கிளப்பும், அடுத்து வாசித்த 'கைஸர்கெல்லர்' நிலவறையும் இன்றும் இயங்குகின்றன. எப்போதாவது ஜெர்மனி போக நேர்ந்தால், லிவர்பூல் பார்த்த கண்ணோடு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். கேவர்னைத் தோண்டி எடுத்துக் கட்டியவர்களின் முயற்சி எவ்வளவு பெரியது என்பது அந்தக் கல்லின் முன் நிற்கும்போது தெரியும்.

உங்கள் ஒரு நாளுக்கான ஏற்பாட்டை இப்படி வைத்துக்கொள்ளலாம். மான்செஸ்டரிலிருந்து லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு நேரடி ரயில்கள் அடிக்கடி உண்டு. பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிலையத்திலிருந்து மேத்யூ ஸ்ட்ரீட் பத்து, பதினைந்து நிமிட நடை. காஸ்பாவுக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. ஆகையால் பயணத் தேதி உறுதியானதும் முதலில் அதை எழுதிக் கேட்டுப் பெறுங்கள், மற்றதை அந்த நேரத்தைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். காலையில் காஸ்பா கிடைத்தால், அதைப் பார்த்துவிட்டுப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ நகருக்குத் திரும்பி, வைட்சாப்பலில் எப்ஸ்டீன் சிலையருகே இறங்கி, மதியத்துக்குள் கேவர்ன் வந்துவிடலாம். லெனனும் மெக்கார்ட்னியும் வளர்ந்த வீடுகளைத் தேசிய அறக்கட்டளை காட்டுகிறது. அவற்றுக்கும் முன்பதிவு வேண்டும், ஊருக்குத் தெற்கே வேறு திசையில் இருக்கின்றன. ஒரே நாளில் அவற்றையும் சேர்த்தால் எதையும் நின்று பார்க்க முடியாது. கேவர்னுக்குள் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர் யாரேனும் உடன் வந்தால் உள்ளே நுழையும் முன் வாசலில் இருப்பவர்களிடம் மாற்று வழி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பைகளை ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே பாடுபவரிடம் விருப்பப் பாட்டு கேட்கலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.